ஏடிஎச்டியைக் காலத்தோடு கண்டறிய உள்ளூர் சுகாதார நிலையம் என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏடிஎச்டி என்பது கவனக்குறைவு, மிகையியக்கம், அவசரப்புத்தி ஆகியவை சேர்ந்த நரம்பு வளர்ச்சிக் குறைபாடு. பள்ளி வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ 5 சதவீதத்தினரிடம் இது இருக்கிறது. 40 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கம் முதன்மையாக உள்ளூர் சுகாதார நிலையங்களின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எழுதப்பட்டது. பெற்றோரும் ஆசிரியர்களும் படித்தால், தங்களிடம் ஏன் இத்தனை கேள்விகள் கேட்கப்படுகின்றன என்பது புரியும்.

"காலத்தோடு" என்றால் எந்த வயதில்?

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019 வழிகாட்டி 4 வயது முதல் 18 வயது வரை மதிப்பீடு செய்யச் சொல்கிறது. அதற்கும் கீழே ஓட்டமும் துள்ளலும் பொறுமையின்மையும் வயதின் இயல்பு. எது அதிகம் என்று பிரித்துச் சொல்வது கடினம். பெரும்பாலான குழந்தைகளிடம் 6 வயதுக்கு மேல்தான் விஷயம் துலங்குகிறது. உட்கார்ந்து எழுத வேண்டும், முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், பையைத் தானே அடுக்க வேண்டும் என்ற கட்டாயங்கள் அப்போதுதான் வருகின்றன.

மேல் எல்லை பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. 7 வயதுக்கு முன் அறிகுறி தெரிந்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு) அதை 12 வயது என்று மாற்றியது. 14 வயதில் முதன்முதலாக வரும் மாணவியைக் "காலம் கடந்துவிட்டது" என்று திருப்பி அனுப்பக் கூடாது. பழைய மதிப்பெண் அறிக்கைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். "கவனம் போதாது", "வேலையை முடிப்பதில்லை" என்று மூன்றாம் வகுப்பு ஆசிரியர் எழுதிய ஒற்றை வரி, இன்றைய நீண்ட உரையாடலைவிடப் பெரிய சான்று.

நிலையத்தைப் பொறுத்தவரை இன்னொரு கணக்கும் உண்டு: யாராவது முதலில் கவலை தெரிவித்த நாளுக்கும் குடும்பத்துக்கு முடிவு சொல்லப்பட்ட நாளுக்கும் இடையே எத்தனை நாட்கள்? உள்ளூரில் குறைக்க முடிவது இந்த இடைவெளியைத்தான்.

தாமதம் உண்மையில் எங்கே நடக்கிறது?

நிபுணர்கள் குறைவு என்பது உண்மை. ஆனால் பல மாதங்கள் நிபுணரின் அறைக்கு வெளியே, அவரைப் பார்ப்பதற்கு முன்பே, வீணாகின்றன.

முதலில், கவலை பதிவாவதே இல்லை. காய்ச்சலுக்கு வந்த இடத்தில் அம்மா "இவன் ஒரு இடத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறான்" என்பார். "வளர வளரச் சரியாகிவிடும்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். அடுத்த முறை வேறு மருத்துவர். கதை மறுபடி தொடக்கத்திலிருந்து. அடுத்தது பள்ளியில் ஆசிரியர் நிரப்பித் தர வேண்டிய அறிகுறிப் படிவம். அது பையிலேயே தங்கிவிடும், அல்லது ஆசிரியரின் மேசை இழுப்பறையில். மூன்றாவதாக, பரிந்துரைக் கடிதத்தில் "நடத்தைப் பிரச்சினை, மதிப்பிடவும்" என்று ஒரே வரி இருக்கும். அதை வைத்து யாராலும் முன்னுரிமை தர முடியாது. முதல் சந்திப்பு முழுவதும் தகவல் சேகரிப்பதில் கழிய, முடிவு இரண்டாம் சந்திப்புக்குத் தள்ளிப்போகும்.

இன்னொரு விதி பெரும் கேடு செய்கிறது: ஒருமுறை வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும் என்பது. ஏடிஎச்டியில் பரம்பரையின் பங்கு மிக அதிகம். இரட்டையர் ஆய்வுகள் அதை 70 சதவீதத்துக்கும் மேல் என்று காட்டுகின்றன. ஆகவே அழைத்து வர வேண்டிய அப்பாவோ அம்மாவோ தாமே தேதியை மறக்கும் இயல்புள்ளவராக இருக்க நல்ல வாய்ப்புண்டு. அவர்களுக்கு முந்தின நாள் ஒரு தொலைபேசி அழைப்பு, அன்று காலை ஒரு குறுஞ்செய்தி. இரண்டு முறை தவறவிட்டால் பெயரை நீக்குவதற்கு முன் கூப்பிட்டுப் பேசுங்கள். சேவை தேவைப்படுகிறவர்களையே வெளியே தள்ளும் விதி நியாயமானதல்ல.

எல்லாக் குழந்தைகளுக்கும் படிவம் கொடுத்துச் சலித்தெடுத்தால் என்ன?

வேண்டாம். கணக்கைப் பாருங்கள். 1,000 குழந்தைகளில் 50 பேருக்கு ஏடிஎச்டி இருப்பதாகக் கொள்வோம். உள்ளவர்களில் 80 சதவீதத்தினரைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 80 சதவீதத்தினரைச் சரியாக விடுவிக்கும் படிவம் ஒன்று கையில் இருக்கிறது என்போம். அது 50 பேரில் 40 பேரைப் பிடிக்கும். கூடவே, இல்லாத 950 பேரில் 190 பேரையும் பிடிக்கும். 230 பேர் வரிசையில் நிற்பார்கள். அவர்களில் ஏடிஎச்டி உள்ளவர்கள் 40 பேர்தான். உண்மையில் உதவி தேவைப்படுபவர் இன்னும் பின்னால் போவார். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸும் மழலையர் பள்ளிகளிலும் பள்ளிகளிலும் அனைவரையும் இப்படிச் சலித்தெடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

பதிலாக, வாய்ப்பு அதிகமுள்ளவர்களைக் குறித்து வைத்துக் கேளுங்கள்: குறைமாதத்தில் பிறந்தவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், ஆட்டிசம் அல்லது கற்றல் குறைபாடு உள்ளவர்கள், உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ ஏடிஎச்டி இருப்பவர்கள், அடிக்கடி விழுந்து அடிபட்டு வருபவர்கள். தடுப்பூசிக்கோ வேறு எதற்கோ வரும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: "படிப்பிலோ வீட்டிலோ கவனம், அமைதி பற்றி உங்களுக்கோ ஆசிரியருக்கோ கவலை இருக்கிறதா?" ஆம் என்றால் அன்றே தேதியோடு எழுதுங்கள்.

முதல் சந்திப்புக்கு 20 நிமிடம்தான் கிடைக்கும். எதைச் செய்வது?

அன்றே முடிவு சொல்ல முயலாதீர்கள். அன்றைய வேலை மூன்று: கவலையைச் சரியாகப் பதிவது, அவசரமானதை விலக்குவது, படிவங்களைக் கையில் கொடுத்து அனுப்புவது.

"கவனக்குறைவு இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். நேற்றைய மாலையைக் கேளுங்கள். வீட்டுப்பாடத்துக்கு எத்தனை மணிக்கு உட்கார்ந்தான்? எத்தனை முறை எழுந்தான்? யாராவது பக்கத்தில் உட்கார வேண்டியிருந்ததா? எப்போது முடித்தான்? 15 நிமிட வேலைக்கு இரண்டு மணி நேரமும் கண்ணீரும் ஆனது என்றால், அதை அப்படியே எழுதுங்கள். பிறகு எப்போது தொடங்கியது, வீட்டில் மட்டுமா பள்ளியிலுமா, 6 மாதத்துக்கு மேலாகிறதா, நண்பர்கள் இருக்கிறார்களா என்ற கேள்விகள். தூக்கம், குறட்டை, பிறப்பு விவரம், குடும்ப வரலாறு, இப்போது சாப்பிடும் மருந்துகள். உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம்.

குழந்தையோடு தனியாக ஐந்து நிமிடமாவது பேசுங்கள். சாக வேண்டும் என்ற பேச்சோ, அடிபட்ட தழும்போ, வீட்டில் வன்முறையோ தென்பட்டால் அதைப் பொது வரிசையில் சேர்க்காமல் அன்றே கையாள வேண்டும்.

என் அறையில் குழந்தை அமைதியாகத்தான் உட்கார்ந்திருந்தது. அப்படியென்றால் இல்லை என்றுதானே பொருள்?

இல்லை. புது இடம், புது ஆள், ஒருவருக்கு ஒருவர் பேச்சு, குறுகிய நேரம்: ஏடிஎச்டி உள்ள குழந்தை நன்றாகவே நடந்துகொள்ளும் சூழல் இதுதான். "மணிக்கணக்கில் வீடியோ கேம் ஆடுகிறானே" என்பதும் அப்படியே. அங்கே நொடிக்கு நொடி பரிசு கிடைக்கிறது. சலிப்பான வேலையில் கவனத்தை நிறுத்திவைக்க முடிகிறதா என்பதே நாம் பார்க்க வேண்டியது.

எந்தப் படிவம்? எப்படி எண்ணுவது?

6 முதல் 12 வயதுவரை வாண்டர்பில்ட் படிவம் பரவலாகப் பயன்படுகிறது. பெற்றோருக்கு 55 கேள்விகள், ஆசிரியருக்கு 43. ஸ்னாப்-4 என்பதில் 26 கேள்விகள். நேரம் குறைவான இடங்களுக்கு வசதி.

வாண்டர்பில்ட் பெற்றோர் படிவத்தை எண்ணும் முறை: ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். 2 அல்லது 3 என்று குறித்திருந்தால் அது ஓர் அறிகுறி. 0, 1 கணக்கில் வராது. கேள்விகள் 1 முதல் 9 வரை கவனக்குறைவு, 10 முதல் 18 வரை மிகையியக்கமும் அவசரப்புத்தியும். ஏதாவது ஒரு தொகுதியில் 6 அறிகுறிகள் வேண்டும். கடைசி 8 கேள்விகள் படிப்பு, உறவுகள் பற்றியவை. அவற்றுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண், குறைந்தது ஒன்றிலாவது 4 அல்லது 5 இருக்க வேண்டும். இடையில் உள்ள கேள்விகள் எதிர்த்து நடத்தல், நடத்தைக் கோளாறு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றைத் தொடுகின்றன. அவசரத்தில் பலரும் அவற்றைப் புரட்டிவிடுகிறார்கள். ஏடிஎச்டியோடு இன்னொரு குறைபாடும் சேர்ந்திருப்பதே பெரும்பான்மை என்பதால், அந்தப் பக்கங்களைக் கட்டாயம் பாருங்கள்.

வழக்கமாக நேரும் பிழைகள்: எல்லா எண்களையும் கூட்டி ஒரே தொகையாக எழுதுவது. பாதிப்பு பற்றிய கடைசிப் பகுதியை விட்டுவிடுவது. பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஆசிரியரிடம் கொடுப்பது. அவருக்குக் குழந்தையை ஒன்றரை இரண்டு மாதமாவது தெரிந்திருக்க வேண்டும். படிக்கத் தெரியாத பெற்றோருக்கு வாசித்துக் காட்டும்போது நம் விளக்கத்தைச் சேர்ப்பது. கேள்வியை அச்சில் உள்ளபடியே வாசியுங்கள், புரியவில்லை என்றால் மறுபடி மெதுவாக வாசியுங்கள். நிலையத்தில் யாரோ அவசரமாக மொழிபெயர்த்த படிவமும் ஆபத்து. "அடிக்கடி", "மிக அடிக்கடி" என்ற இரண்டும் மொழிபெயர்ப்பில் ஒன்றாகிவிட்டால் எண்ணிக்கையே கலைந்துவிடும். சரிபார்க்கப்பட்ட பதிப்பைத் தேடிப் பயன்படுத்துங்கள்.

படிவம் நோயைத் தீர்மானிப்பதில்லை. அது பேச்சுக்கான தொடக்கம்.

பெற்றோர் படிவமும் ஆசிரியர் படிவமும் முரண்பட்டால்?

அடிக்கடி நடக்கும். உதாரணமாக, அம்மாவின் படிவத்தில் கவனக்குறைவு 7, ஆசிரியருடையதில் 2. யார் சொல்வது சரி என்று தீர்ப்பு வழங்கப் போகாதீர்கள். ஆசிரியரிடம் பத்து நிமிடம் தொலைபேசியில் பேசுங்கள். சிறிய வகுப்பா, முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறாரா, அவரே ஒவ்வொரு படியையும் நினைவூட்டுகிறாரா? அப்படியென்றால் அறிகுறி அங்கே தாங்கிப்பிடிக்கப்படுகிறது, இல்லாமல் போகவில்லை. மாறாக, பள்ளியில் எந்தத் துணையும் இல்லாமலேயே நன்றாக இருக்கிறான் என்றால் வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பள்ளியில் மட்டும் 7, வீட்டில் 2 என்றால் கற்றல் குறைபாடு, பார்வை, கேள்வித்திறன், சக மாணவர்களின் தொல்லை ஆகியவற்றைத் தேடுங்கள். குறைந்தது இரண்டு சூழல்களில் தெரிய வேண்டும் என்ற விதி இதற்காகத்தான்.

ஏடிஎச்டி போலவே தெரியும் வேறு என்னென்ன?

உள்ளூர் நிலையத்தின் மிகப் பெரிய பங்களிப்பு இங்கேதான். இவற்றில் பலவற்றுக்கு நிபுணர் தேவையில்லை.

காது: நடுக்காதில் நீர் தேங்கினால் கேட்கும் திறன் ஒரு வாரம் நன்றாகவும் மறுவாரம் மந்தமாகவும் இருக்கும். "வேண்டுமென்றே காதில் வாங்காமல் இருக்கிறான்" என்ற புகார் வரும். கிசுகிசுத்துப் பார்ப்பது போதாது. கருவியால் அளக்க வேண்டும்.

கண்: தொலைவுப் பலகையோடு நிறுத்தாமல் அருகில் படிக்கவும் வைத்துப் பாருங்கள்.

தூக்கம்: 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். தூக்கம் போதாத பெரியவர் சோர்ந்து விழுவார். குழந்தையோ துறுதுறுவென்று இன்னும் வேகமாகச் சுற்றும். வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை, வாய்வழி மூச்சு, பெரிய டான்சில் என்றால் தூக்கத்தில் மூச்சடைப்பு உண்டா என்று பார்த்துவிட்டு மறுபடி மதிப்பிடுங்கள்.

வெறித்துப் பார்த்தல்: பராக்குப் பார்க்கும் குழந்தையைத் தோளில் தொட்டால் திரும்பும். சில நொடிகள் நினைவு தவறும் அப்சன்ஸ் வலிப்பில் திரும்பாது. பேசிக்கொண்டிருக்கும் வாக்கியம் நடுவிலேயே நிற்கும், இமை லேசாகத் துடிக்கும், சில நொடிகளில் எதுவும் நடக்காததுபோல் தொடரும். ஒரே நாளில் பல முறை வரலாம். சந்தேகம் இருந்தால், குழந்தையின் முன் காகிதக் காற்றாடியைப் பிடித்து 3 நிமிடம் இடைவிடாமல் ஊதச் சொல்லுங்கள். இந்த வேக மூச்சிலேயே பல குழந்தைகளுக்கு வலிப்பு வந்துவிடும், கண்ணெதிரே பார்க்கலாம். இதயம், நுரையீரல், மூளை ரத்தக்குழாய் நோய்களோ சிக்கிள் செல் நோயோ உள்ளவர்களிடம் இதைச் செய்யக் கூடாது. சந்தேகம் உறுதியானால் மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி எடுக்க அனுப்புங்கள்.

மருந்துகள்: வலிப்புக்குக் கொடுக்கும் பினோபார்பிட்டால் சில குழந்தைகளை மிகவும் துடிதுடிப்பாக்கும். ஆஸ்துமா மருந்துகளாலும் பரபரப்பு வரலாம்.

மனம்: ஆறு மாதம் முன்புவரை நன்றாக இருந்த குழந்தை திடீரென்று மாறிவிட்டது என்றால் ஏடிஎச்டியைத் தள்ளிவைத்துவிட்டு என்ன நடந்தது என்று கேளுங்கள். இழப்பு, பிரிவு, துன்புறுத்தல், பதற்றம். ஏடிஎச்டி ஒரு தேதியில் தொடங்குவதில்லை.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கணினிச் சோதனை வேண்டுமா?

ஏடிஎச்டியை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனையும் இல்லை, மூளை ஸ்கேனும் இல்லை. வெளிறிப்போயிருந்தால் இரும்புச்சத்து, அறிகுறி இருந்தால் தைராய்டு, ஈயம் படும் சூழலில் வாழ்ந்தால் ரத்தத்தில் ஈயம். காரணமில்லாமல் எல்லாவற்றையும் எழுதினால் குடும்பத்தின் பணமும் ஒரு மாதமும் போகும். கணினிக் கவனச் சோதனை துணைச் சான்றாக இருக்கலாம். அதில் தேறிவிட்டதால் ஏடிஎச்டி இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

பெண் குழந்தைகள் ஏன் தவறிப்போகிறார்கள்?

வகுப்பைக் கலைக்காததால். ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக இருப்பவளைப் பற்றி யாரும் புகார் எழுதுவதில்லை. மறதி, பாதியில் நின்ற வேலை, தொலைந்த பொருட்கள், பரீட்சைக்கு முந்தைய இரவின் அழுகை ஆகியவற்றைச் "சோம்பேறி", "மந்தம்" என்று பெயரிட்டு விட்டுவிடுகிறார்கள். பலர் பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோதான் முதலில் வருகிறார்கள். அப்படி வரும் ஒவ்வொரு மாணவியிடமும் சிறு வயதிலிருந்தே கவனம் எப்படி என்று கேளுங்கள். ஆசிரியர்களிடம் பேசும்போதும் "அடங்காதவர்கள் யார்?" என்று கேட்காமல், "புத்தி இருந்தும் வேலையை முடிக்காதவர்கள் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். வேறு பெயர்கள் வரும்.

வகுப்பிலேயே வயதில் இளையவர் என்றால்?

பிறந்த மாதத்தைப் பாருங்கள். வகுப்பின் மூத்த குழந்தைக்கும் இளையதற்கும் கிட்டத்தட்ட ஒரு வருட இடைவெளி இருக்கலாம். 6 வயதில் அது வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு. இளையவர்களுக்கு ஏடிஎச்டி என்று அதிகமாக முடிவு செய்யப்படுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிடுமாறு ஆசிரியரிடம் கேளுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

ஒரு பக்கம் போதும். முதலில் கவலை தெரிவித்த தேதி, தெரிவித்தவர். வீட்டிலும் பள்ளியிலும் நடப்பதற்குத் தலா இரண்டு நேரடி உதாரணம். இரண்டு படிவங்களின் எண்ணிக்கை, அசல் படிவங்கள் இணைப்பாக. காது, கண், தூக்கம் பார்த்த முடிவு. உயரம், எடை, நாடி, ரத்த அழுத்தம். குடும்பத்தில் 40 வயதுக்கு முன் திடீர் மரணமோ இதய நோயோ உண்டா என்ற விவரம். மருந்து தொடங்க நேர்ந்தால் இதுவே முதல் கேள்வி. இதுவரை செய்து பார்த்த உதவிகள், பலன். கூடவே, படிவங்களைத் தேடிப் பெறும் பொறுப்பு நிலையத்தில் ஒரே ஒருவருடையதாக இருக்கட்டும். பள்ளிப் படிவம் இரண்டு வாரத்தில் வராவிட்டால் அவர் கூப்பிட வேண்டும். எல்லாருடைய பொறுப்பும் என்றால் படிவம் இழுப்பறையிலேயே கிடக்கும்.

நிபுணர்தான் முடிவு சொல்ல வேண்டுமா?

நாட்டுக்கு நாடு விதி மாறும். அமெரிக்க வழிகாட்டி முதல்நிலை மருத்துவரே மதிப்பிட்டு முடிவு சொல்ல இடமளிக்கிறது. பிரிட்டனில் பயிற்சி பெற்ற நிபுணர் செய்ய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் எம்எச்கேப் வழிகாட்டி, மனநல நிபுணர் இல்லாத நிலையங்களுக்கென்றே எழுதப்பட்டது. அடையாளம் காண்பதும் பெற்றோருக்கு வழிகாட்டுவதும் உள்ளூரில் நடக்கட்டும், மருந்துக்கு நிபுணரிடம் செல்லட்டும் என்பது அதன் பாதை. எங்கள் கருத்தில், தெளிவான, சிக்கலற்ற குழந்தைகளை உள்ளூரிலேயே முடித்து, ஆட்டிசமோ வலிப்போ கடும் மனச்சோர்வோ சேர்ந்தவர்களுக்காக நிபுணரின் நேரத்தைக் காப்பதே சரியான பங்கீடு. மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் நிபுணரோடு காணொளியில் கோப்புகளை அலசினால் உள்ளூர் மருத்துவருக்குக் கை பழகும்.

முடிவு வரும்வரை குழந்தை காத்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. கீழே உள்ளவை ஏடிஎச்டி இல்லாத குழந்தைக்கும் கெடுதல் செய்யாது. முதல் சந்திப்பிலேயே தொடங்கலாம்.

பள்ளியில்: ஆசிரியருக்கு அருகில் இருக்கை, ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, வேலையை 10 அல்லது 15 நிமிடத் துண்டுகளாக வெட்டி இடையில் எழுந்து நடக்க அனுமதி. தினசரி அட்டை ஒன்றில் மூன்று இலக்குகள் மட்டும், அதுவும் செய்ய வேண்டியதாக எழுதப்பட்டவை. "தொந்தரவு செய்யாதே" என்பதற்குப் பதில் "கையைத் தூக்கிவிட்டுப் பேசு". வீட்டில்: பெயர் சொல்லி, கண்ணைப் பார்த்து, குறுகச் சொல்வது. நல்லது நடந்த அந்தக் கணத்திலேயே பாராட்டுவது. வாரக் கடைசியில் தருவதாகச் சொன்ன பரிசு இந்தக் குழந்தைகளுக்கு எட்டாத தூரம். 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் பயிற்சியே முதல் சிகிச்சை, மருந்து அதற்குப் பின்புதான்.

முடிவு சொன்னால் உடனே மருந்தா?

கட்டாயமில்லை. பாதிப்பின் அளவைப் பொறுத்து, குடும்பத்தோடு பேசி எடுக்கும் முடிவு அது. ஏடிஎச்டிக்குத் தரப்படும் மெத்தில்பெனிடேட் என்ற மருந்து 6 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. தொடங்கினால் அளவு மாற்றும் ஒவ்வொரு முறையும், பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறையும் நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். உயரம் 6 மாதத்துக்கு ஒருமுறை, எடை 10 வயதுவரை 3 மாதத்துக்கு ஒருமுறை. இதெல்லாம் உள்ளூர் செவிலியரே செய்யக்கூடியது.

பெற்றோரிடம் எப்படிச் சொல்வது?

"உங்கள் வளர்ப்பில் வந்த குறை இல்லை" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பல வருடங்களாக எல்லாரும் அவர்களைக் குற்றம் சொல்லியிருப்பார்கள். பிறகு குழந்தையிடம் நேராக: "உனக்கு மூளை குறைவில்லை. சலிப்பான வேலையைத் தொடங்கவும் தொடர்ந்து செய்யவும் உனக்கு மற்றவர்களைவிட அதிக உழைப்பு தேவைப்படுகிறது." எல்லாவற்றையும் எழுதியும் கொடுங்கள், அன்று கேட்டதில் பாதி நினைவில் நிற்காது. "எனக்கும் சின்ன வயதில் இப்படித்தான்" என்று அப்பா சொன்னால், அவருக்கும் 18 கேள்விகள் கொண்ட ஏஎஸ்ஆர்எஸ் என்ற பெரியவர்களுக்கான படிவத்தைக் கொடுக்கலாம்.

நிலையம் மேம்படுகிறதா என்று எப்படி அறிவது?

மாதத்துக்கு ஒருமுறை நான்கு எண்களைச் சுவரில் எழுதுங்கள். முதல் கவலையிலிருந்து கோப்பு முழுமையாகும்வரை ஆன நாட்களின் நடு எண், அதாவது வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது. சராசரி வேண்டாம், ஓராண்டு இழுத்த ஒரே கோப்பு அதைக் கெடுத்துவிடும். இரண்டு வாரத்துக்குள் திரும்பிய பள்ளிப் படிவங்களின் சதவீதம். தகவல் போதாது என்று நிபுணர் திருப்பி அனுப்பிய கடிதங்கள். மதிப்பீட்டுக்கு வந்தவர்களில் பெண் குழந்தைகள் எத்தனை பேர் என்பது நான்காவது. சமூகத்தில் இரண்டு அல்லது மூன்று சிறுவர்களுக்கு ஒரு சிறுமி என்ற விகிதத்தில் ஏடிஎச்டி காணப்படுகிறது. உங்கள் பதிவேட்டில் பத்துச் சிறுவர்களுக்கு ஒரு சிறுமிதான் என்றால், அடுத்த வாரம் பள்ளிக்குப் போய் "அடங்காதவர்கள் யார்?" என்ற அந்தக் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.